மரம் விற்ற கணக்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். தாண்டிக்குடியில் நான்கு நாளாக விடாத மழை. கரண்டும் இல்லை, டவரும் இல்லை. போன வாரம் நீ உகாண்டாவில் ஹோய்மாவிலிருந்து பேசும்போது பாதியிலேயே கட்டாகிவிட்டது. மரத்தை வெட்டாமல் வைத்திருக்கப் பணம் கொடுத்தும் பலர் ஏன் சேரவில்லை என்று நீ கேட்டது போனில் பதில் சொல்லித் தீர்கிற விஷயமும் இல்லை. அதனால் நோட்டை எடுத்து உட்கார்ந்துவிட்டேன். டவர் வந்ததும் தம்பி படம் பிடித்து அனுப்புவான்.

நீ சொன்னதில் எனக்குப் புரிந்தது இதுதான். சரியா என்று பார். உகாண்டாவின் மேற்கே ஹோய்மா, கிபாலே பகுதிகளில் ஆராய்ச்சிக்காரர்கள் 121 கிராமங்களை எடுத்தார்கள். குலுக்கல் மாதிரி பிரித்து, ஏறக்குறைய பாதிக் கிராமங்களில் மட்டும் சொந்தக் காடு வைத்திருந்த விவசாயிகளிடம் ஒப்பந்தம் பேசினார்கள். 2011 முதல் 2013 வரை, இரண்டு வருடம். மரத்தை வெட்டாமல் வைத்திருந்தால் ஹெக்டேருக்கு வருடம் 70,000 ஷில்லிங், அன்றைய மதிப்பில் 28 டாலர். விழுந்து கிடக்கும் விறகைப் பொறுக்கிக்கொள்ளலாம், வீட்டுத் தேவைக்குக் கொஞ்சம் வெட்டிக்கொள்ளலாம். ஆள் வந்து காட்டைப் பார்த்துவிட்டுத்தான் பணம். கடைசியில் அளந்தபோது, பணம் கொடுத்த கிராமங்களில் மரப் பரப்பு 4.2 சதவீதம் குறைந்திருந்தது, மற்ற கிராமங்களில் 9.1 சதவீதம். இங்கே விட்டதைப் பக்கத்துக் காட்டில் போய் வெட்டினார்களா என்றும் பார்த்திருக்கிறார்கள். அப்படித் தெரியவில்லை. நல்ல வேலைதான், மறுக்கவில்லை.

உன் குழப்பம் எல்லாம் சேராதவர்களைப் பற்றியது. மூன்றில் ஒருவர்தான் கையெழுத்துப் போட்டார். "சும்மா நிற்கிற மரத்துக்குக் காசு தருகிறேன் என்றால் ஏன்ப்பா வேண்டாம் என்கிறார்கள்?" என்று கேட்டாய். சும்மா நிற்கிற மரமா? அந்த வார்த்தையில்தான் எனக்குக் கொஞ்சம் சுருக்கென்றது.

உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். நீ காலேஜ் சேர்ந்த முதல் வருடப் பணம் எங்கிருந்து வந்தது தெரியுமா? ஓடைக்கு மேலே நின்ற பதினான்கு சில்வர் ஓக். காபிக்கு நிழல் கொடுத்துக்கொண்டு, மேலே மிளகுக்கொடி ஏறி, நன்றாகக் காய்த்துக்கொண்டிருந்த மரங்கள். வெட்டினால் மரத்தோடு கொடியும் போகும். புதுக் கொடி நட்டுக் காய்ப்புக்கு வர மூன்று வருடமாவது ஆகும். தெரிந்தேதான் விற்றேன். அட்மிஷன் தேதி மூன்று வருடம் காத்திருக்காதே. அதற்கு முன்னால் உன் அப்பத்தா ஆபரேஷனுக்குக் கீழ்க்காட்டுப் பலா இரண்டு போனது. மலையில் மரம் வெட்ட 1955 சட்டப்படி அனுமதி வேறு வேண்டும். அதற்கு நான் அலைந்த கதையை எழுதினால் இந்த நோட்டு போதாது.

நீ இருக்கிற ஊரிலும் அவசரம் என்றால் மரத்தைத்தான் விற்கிறார்கள் என்று நீயே சொன்னாய். பிள்ளை ஃபீஸ், ஆஸ்பத்திரிச் செலவு. அதாவது அவர்களுக்கு அது காடு மட்டும் இல்லை, நகை மாதிரி. ராத்திரியில் ஒரு கஷ்டம் வந்தால் காலையில் கரிக்காரனுக்கோ பலகைக்காரனுக்கோ ஆள் அனுப்பலாம். 28 டாலரோ வருடத்துக்கு ஒருமுறை, அதுவும் பார்த்துவிட்டு வருகிற பணம். கஷ்டம் அந்தத் தேதி பார்த்தா வரும்? நகைக்கு வட்டி தருகிறேன், ஆனால் அடகு வைக்கக் கூடாது என்றால் நீ சம்மதிப்பாயா?

ஏற்கெனவே வெட்டுகிற யோசனை இல்லாதவர்களுக்கு அந்தப் பணம் லாபம். வெட்டியே ஆகவேண்டியவர்களுக்குப் போதாது. நடுவில் ஊசலாடுகிறவர்கள்தான் அந்தப் பணத்தால் மாறியிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. 4.2-க்கும் 9.1-க்கும் நடுவில் வெட்டாமல் தப்பிய ஏறக்குறைய ஐந்து சதவீதம் அவர்களுடையதாகத்தான் இருக்க வேண்டும். என் ஊகம்தான், நீ போய் விசாரி.

அப்புறம் அந்தப் பயம். நிலத்தைப் பிடுங்கத்தான் வந்திருக்கிறார்கள் என்று சிலர் நினைத்தார்கள் என்றாய். சிரித்தபடி சொன்னாய், எனக்குச் சிரிப்பு வரவில்லை. இங்கே 1949-இலேயே தனியார் காடுகளுக்கு என்று சட்டம் வந்தது. சொந்தக் காட்டை விற்கவும் மரம் வெட்டவும் அனுமதி கேட்க வேண்டும், ஆனால் காத்ததற்கு ஒரு பைசா கிடையாது. தாத்தா கடைசி வரை, அளவுச் சங்கிலியோடு யார் வந்தாலும் திண்ணையிலேயே உட்கார வைத்துப் பேசி அனுப்பிவிடுவார். அங்கே பணமாவது கொடுத்தார்களே என்றுதான் எனக்குப் படுகிறது.

அந்தத் திட்டத்தில் செலவைப் போல 2.4 மடங்கு பயன் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள் என்றாய். கரியமில வாயு காற்றில் கலப்பது தள்ளிப்போனதற்கு விலை வைத்த கணக்கு. சரி. அந்தப் பயன் உலகத்துக்கு, 28 டாலர் அந்த வீட்டுக்கு. நடுவில் இவ்வளவு இடைவெளி இருக்கும்போது, கஷ்டக் காலத்தில் முன்பணமாகக் கொஞ்சம் கொடுத்து வருடப் பணத்தில் கழித்துக்கொள்ளலாமே? இந்த யோசனையை உன் வேலையில் பெரியவர்களாக இருப்பவர்களிடம் கேட்டுப் பார். இரண்டு வருடம் முடிந்ததும் நிறுத்திவிட்டால் அப்புறம் மரத்தை யார் பார்ப்பது என்றும் கேள்.

இன்னொன்று. உன் கேள்வித்தாளில் வீட்டுத் தலைவரிடம்தான் கேட்கிறாய். நிலம் யார் பெயரில் இருக்கிறதோ பணமும் அவர் கைக்குத்தான் போயிருக்கும். அடுப்படியில் இருக்கிறவளிடமும் கேள். விறகுக்கு முன்பைவிடத் தூரம் போனாளா, அந்தப் பணத்தை அவள் கண்ணால் பார்த்தாளா என்று. மரம் அறுக்கக் கூலிக்கு வந்தவனுக்கு அந்த இரண்டு வருடம் என்ன வேலை கிடைத்தது என்றும் கேள். அவனுக்கு நிலமே இருக்காது, உன் பட்டியலிலும் இருக்க மாட்டான்.

எல்லோரிடமும் முதல் கேள்வியாக இதைக் கேட்டுவிடு: கடைசியாக எந்த மரத்தை, எதற்காக விற்றீர்கள்?

அந்தப் பதினான்கு மரம் நின்ற இடத்தில் முள்முருங்கை ஊன்றி மிளகு ஏற்றியிருந்தேனே, இந்த வருடம்தான் சரம் சரமாகப் பிடித்திருக்கிறது. இந்த மழை நின்றால்தான் அது உதிராமல் நிற்கும். அம்மா உனக்காகக் காபிப்பொடி இரண்டு கிலோ அரைத்து வைத்திருக்கிறாள், அந்தப் பக்கம் வருகிறவர்கள் யாராவது இருந்தால் சொல்லு.

அன்புடன்,
அப்பா