செயலாளர் ஆண்டறிக்கை: பள்ளி பேண்டு அனிமே போட்ட ஆண்டு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

நமது திரைச் சங்கத்தின் சென்ற ஆண்டுச் செயல்பாடுகளைப் பொதுக்குழு முன் வைக்கிறேன். வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். மாதக் கூட்டங்கள் தவறாமல் நடந்தன. ஐப்பசி மழையில் ஒரு கூட்டம் மட்டும் கரண்ட் போய்ப் பாதியில் நின்று, அடுத்த வாரம் தொடர்ந்தது. நூலகத்துக்குப் புது அலமாரி வந்துவிட்டது. புத்தகங்களைத்தான் காணோம். எடுத்துப் போனவர்கள் தயவுசெய்து கொண்டுவந்து வைக்கவும்.

சரி, எல்லோரும் எதிர்பார்க்கும் விஷயத்துக்கு வருகிறேன். பள்ளி இசை பற்றிய அனிமே, அதாவது ஜப்பானியக் கார்ட்டூன் தொடர், வரிசையாகப் போட வேண்டும் என்று இளைய உறுப்பினர்கள் வெகுநாளாகக் கேட்டுவந்தார்கள். “கார்ட்டூன் போடவா சங்கம் வைத்திருக்கிறோம்?” என்று செயற்குழுவிலேயே ஒரு குரல் எழுந்தது. முழுத் தொடர் போட நேரமில்லை; தொடக்கப் பாட்டும் முதல் அத்தியாயமும் மட்டும் போட்டுப் பேசலாம் என்று கடைசியில் ஒத்துக்கொண்டோம்.

முதலில் எடுத்தது ‘ஹிபிகே! யூஃபோனியம்’. அயானோ தகேதாவின் நாவலிலிருந்து கியோத்தோ அனிமேஷன் என்ற ஜப்பானிய நிறுவனம் எடுத்து 2015 ஏப்ரலில் ஒளிபரப்பான தொடர். இயக்குநர் தத்சுயா இஷிஹாரா. கியோத்தோவை ஒட்டிய ஊஜி நகரில், கிதாவுஜி என்ற உயர்நிலைப் பள்ளியின் பேண்டு குழுவைப் பற்றிய கதை. ஊஜி ஆறும் பாலமும் ரயில் நிலையமும் உள்ளது உள்ளபடி வரையப்பட்டிருக்கின்றன. அந்த நிறுவனம் இருப்பதும் அதே ஊரில்தான்.

தொடக்கப் பாட்டு ‘ட்ரீம் சோலிஸ்டர்’, பாடியவர் ட்ரூ. ஒன்றரை நிமிடம். அது ஆரம்பித்த கையோடு ஒரு தம்பி ரிமோட்டை எடுத்துத் தாண்டிவிடப் பார்த்தார். வீட்டில் எல்லோரும் அப்படித்தான் பார்க்கிறோம் என்றார். பின்வரிசையிலிருந்து மூத்த உறுப்பினர்கள் போட்ட சத்தத்தில் ரிமோட் பொருளாளர் கைக்குப் போனது, இன்றுவரை அங்கேதான் இருக்கிறது. பாட்டு முடிந்ததும் கருத்துக் கேட்டேன். “துள்ளலாக இருக்கிறது”, “விளம்பரம் மாதிரி இருக்கிறது”, “எல்லாப் பெண்களுக்கும் ஒரே முகமாக இருக்கிறதே”. அவ்வளவுதான். அத்தியாயத்தைப் பார்த்த பிறகுதான் விஷயம் சூடுபிடித்தது.

கதை ஒரு போட்டி முடிவில் தொடங்குகிறது. நாயகி குமிகோ அப்போது நடுநிலைப் பள்ளி மாணவி. அவர்கள் குழு ஐரோப்பிய இசையமைப்பாளர் ஓஃபன்பாக்கின் ஓர்ஃபியஸ் இசையை வாசித்திருக்கிறது. முடிவை அறிவிக்கிறார்கள்: தங்கம். கூச்சலும் கும்மாளமும். ஆனால் பக்கத்தில் நிற்கும் டிரம்பெட்காரி ரெய்னா அழுகிறாள். ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்துக் குமிகோ பேச்சுக் கொடுக்கிறாள். இல்லை, அடுத்த சுற்றுக்குத் தேர்வாகவில்லை என்ற ஆத்திரம் அது. அப்போது குமிகோவின் வாயிலிருந்து, நிஜமாகவே தேசியப் போட்டிக்குப் போவோம் என்று நினைத்தாயா என்ற பொருளில் ஒரு கேள்வி நழுவி விழுகிறது.

படத்தை இங்கே நிறுத்த வேண்டியதாயிற்று. “தங்கம் வாங்கியும் எதற்கு அந்தப் பிள்ளை அழுகிறது?” என்று ஓர் அக்கா கேட்டார். நியாயமான கேள்வி. ஜப்பானின் பள்ளி பேண்டு போட்டியில் தங்கம் என்பது முதலிடம் அல்ல, ஒரு தரம். மேடையேறும் குழுக்கள் தங்கம், வெள்ளி, வெண்கலம் என்று மூன்று தரமாகப் பிரிக்கப்படுகின்றன. தங்கம் பல குழுக்களுக்குக் கிடைக்கும். அதில் சிலதான் மாவட்டத்திலிருந்து கன்சாய் வட்டாரப் போட்டிக்கும், அங்கிருந்து தேசியப் போட்டிக்கும் போக முடியும். தங்கம் வாங்கியும் மேலே போகாத நிலைக்கு அங்கே ‘தமேகின்’ என்று பெயரே வைத்திருக்கிறார்கள். பிளஸ் டூ படிக்கும் நம் உறுப்பினர் ஒருவர், “புரிகிறது, நல்ல மார்க்கு, ஆனால் கட்-ஆஃபில் சீட்டு இல்லை” என்றதும் மண்டபத்தில் தலைகள் ஆடின.

அப்புறம் வாக்குவாதம். குமிகோ சொன்னது உண்மைதானே, உள்ளதைச் சொன்னால் தப்பா என்று ஒரு கட்சி. அழுகிறவளிடம் அதைச் சொல்லலாமா என்று இன்னொரு கட்சி. ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்ற நம் உறுப்பினர் ஒருவர், பிள்ளைகள் இலக்கு என்று ஒன்றை வாயால் சொல்வதும் மனதால் நம்புவதும் வேறு வேறு, இந்தக் காட்சி அந்த இடத்தில்தான் கை வைக்கிறது என்றார். என் கட்சியும் அதுதான். அடுத்த அத்தியாயத்தில் புது ஆசிரியர் தகி குழுவின் இலக்கை அவர்களையே முடிவு செய்யச் சொல்கிறார். தேசியப் போட்டிக்கு ஏறக்குறைய எல்லாக் கைகளும் உயர்கின்றன. அந்தக் கைகளில் எத்தனை உண்மை என்ற சந்தேகம் முதல் காட்சியிலேயே விதைக்கப்பட்டுவிட்டது.

காவல்துறை பேண்டில் யூபோனியம் வாசித்து ஓய்வுபெற்ற ஐயா ஒருவர் நம் உறுப்பினர் என்பது பலருக்கு அன்றுதான் தெரியும். கல்யாண பேண்டிலும் தேவாலய ஊர்வலத்திலும் நாம் பார்க்கும் பெரிய பித்தளை ஊது வாத்தியம்தான், பெயர்தான் நமக்குத் தெரிவதில்லை. ஐயா படத்தை விட்டுவிட்டு விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். எந்தச் சுரத்துக்கு எந்த வால்வை அழுத்த வேண்டுமோ அதை அழுத்துகிறார்களா என்பதுதான் அவர் கவலை. “அழுத்துறாங்கய்யா, ஏமாத்தல” என்று சான்றிதழ் கொடுத்துவிட்டார். ஊதுவதற்கு முன் தோள் உயர்ந்தால் அது தப்பு மூச்சு, வயிறு நிறைய வேண்டும் என்று ஒரு பாடமும் நடந்தது.

முதல் நாள் பள்ளி வாசல் படிக்கட்டில் கிதாவுஜி குழு ஒரு சாமுராய் நாடகத்தின் இசையை வாசித்து வரவேற்கும் காட்சி அவருக்கு மிகவும் பிடித்துப்போனது. ஆளுக்கொரு திசையில் இழுக்கும் வாசிப்பு. குமிகோ கேட்டுவிட்டு, இது தேறாது என்று முடிவு கட்டுகிறாள். “இவ்வளவு மோசமாக வாசிக்க நல்ல வாத்தியக்காரன் வேண்டும்” என்றார் ஐயா. அவர் சொன்னது சரி. கிதாவுஜிக்காகப் பின்னணியில் வாசித்தவர்கள் சென்சோகு இசைப் பல்கலைக்கழகத்தின் முதலாண்டு மாணவர்கள். பள்ளியை விட்டு வந்த கையோடு இருப்பவர்கள் என்பதால் ஒலியில் அந்த வயது தெரிகிறது.

கூட்டத்தின் வேண்டுகோளுக்கிணங்கத் தொடக்கப் பாட்டை மறுபடி போட்டோம். படத்தில் ஒன்றும் மாறவில்லை. ஆனால் இந்த முறை யாரும் விளம்பரம் என்று சொல்லவில்லை. ரெய்னா வரும் இடத்தில் “இதோ, அந்தப் பொண்ணு” என்று முன்வரிசையில் குரல் கேட்டது. தொடக்கப் பாட்டைக் கதைக்குப் பிறகும் ஒருமுறை போடுவது என்ற வழக்கம் அன்று தொடங்கியது.

அடுத்த கூட்டத்தில் அதே நிறுவனத்தின் ‘கே-ஆன்!’. 2009 ஏப்ரல் தொடர், இயக்குநர் நவோகோ யமதா. ‘ஹிபிகே’யிலும் இவர் இஷிஹாராவுக்குத் துணை நின்றவர். மெல்லிசை மன்றத்தில் சேர்ந்து பெரும்பாலும் தேநீரும் கேக்கும் சாப்பிடும் பெண்களின் கதை. தொடக்கப் பாட்டான ‘ககயாகே! கேர்ள்ஸ்’ ஓடிய வேகத்தில் பாதிப் பேருக்கு மூச்சு வாங்கியது. சின்னப் பிள்ளைகள் எழுந்து ஆடினார்கள். “இதுகள் எப்போது சாதகம் செய்கின்றன?” என்று பேண்டு ஐயா கேட்டதற்கு யாரிடமும் பதில் இல்லை. ஜப்பானில் இந்தப் பாட்டு வாராந்திர ஒரிகான் இசை விற்பனைப் பட்டியலில் 4ஆம் இடத்திலும், முடிவுப் பாட்டு 2ஆம் இடத்திலும் நுழைந்தன. மறு ஆண்டு இரண்டாம் பருவத்தின் தொடக்கப் பாட்டு முதலிடத்துக்கே போனது. என் சொந்தக் கருத்து: முடிவுப் பாட்டுதான் மேல்.

‘ஹிபிகே’யின் மூன்றாம் பருவம் 2024 ஏப்ரலில் ஜப்பானின் பொதுத் தொலைக்காட்சியான என்.எச்.கே.யில் தொடங்கியது. அதன் தொடக்கத்தையும் போட்டோம். பாடியவர் அதே ட்ரூ. குமிகோ இப்போது குழுத் தலைவி. பெயர்ப்பட்டியலில் கதாபாத்திர வடிவமைப்புக்கு ஷோகோ இகேதா பெயரும் இருக்கிறது. 2019 ஜூலை 18 அன்று அந்த நிறுவனத்தின் ஸ்டுடியோவுக்கு ஒருவன் தீ வைத்ததில் 36 பேர் இறந்தார்கள், அவர்களில் இவரும் ஒருவர். நிறுவனம் அவர் பெயரை எடுக்கவில்லை. இதைச் சொன்ன பிறகு பாட்டை விமர்சிக்க யாருக்கும் மனம் வரவில்லை. அது நியாயமா என்று தெரியவில்லை, பாட்டு முதல் பருவத்தினது அளவுக்கு இல்லை என்றே நினைக்கிறேன்.

குறைகளும் உண்டு. ஒலிபெருக்கி வாடகைக்குத் தந்தவர் பழுதான பெட்டியைத் தள்ளிவிட்டதால் ஒரு மாலை முழுக்கத் தாழ்ந்த சுரங்கள் கேட்கவே இல்லை. யூபோனியம் கதைக்கு இதைவிடக் கேடு கிடையாது. ஆங்கில வசன வரிகளை உடனுக்குடன் தமிழில் சொல்லிவந்த கல்லூரி மாணவிக்கு நன்றி. அவருக்கு ஒரு மைக் வாங்கித் தரவேண்டும் என்று செயற்குழு பரிந்துரைக்கிறது.

வரும் ஆண்டுக்கு ‘சகமிச்சி நோ அப்போலோன்’ முன்மொழியப்பட்டிருக்கிறது. 1966இல் சாசேபோ துறைமுக நகரில் நடக்கும் ஜாஸ் கதை. இயக்குநர் ஷினிசிரோ வதனாபே, இசை யோகோ கன்னோ. அந்தக் கூட்டத்துக்குப் பேண்டு ஐயா தம் யூபோனியத்தோடு வந்து வாசித்துக் காட்ட இசைந்திருக்கிறார். தேதி சங்கத்தின் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும்.

சந்தா பாக்கி வைத்திருப்பவர்கள் இன்று வாசலில் பொருளாளரிடம் கட்டிவிடலாம். இந்த அறிக்கையை ஏற்றுத் தருமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்