விடுதலைக்குப் பிந்தைய முதல் வாரம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சிறையிலிருந்து வெளிவருபவர்கள் மீண்டும் குற்றத்தில் இறங்குவது குறித்துத் தங்கள் இதழில் வெளியான கட்டுரை, மனநல ஆலோசனையையும் நன்னெறி வகுப்புகளையும் பற்றி விரிவாகப் பேசியது. அவை தேவைதான். ஆனால், வெளியே வந்த முதல் சில நாட்களில் ஒருவர் எங்கே தூங்குகிறார், கேட்கும் இடத்தில் எந்தச் சான்றைக் காட்டுகிறார் என்பதைக் கட்டுரை தொடவே இல்லை.

துணிப்பையுடன் சிறைவாசலில் நிற்பவரிடம் இருக்கும் அடையாள அட்டை காலாவதியாகியிருக்கும். அதைப் புதுப்பிக்கப் போனால் முகவரி கேட்பார்கள்; வாடகைக்கு அறை பார்க்கப் போனால் அடையாள அட்டை கேட்பார்கள்; சம்பளம் வாங்க வங்கிக் கணக்கு வேண்டும், கணக்குத் தொடங்க அந்த இரண்டும் வேண்டும். இப்படி அவர் அலைக்கழிந்துகொண்டிருக்கையில், எந்தச் சான்றும் கேட்காமல் படுக்க இடமும் கைச்செலவுக்குப் பணமும் தர முன்வருபவர்கள் பெரும்பாலும் பழைய கூட்டாளிகளே.

வெள்ளிக்கிழமை விடுதலையானால் திங்கள்வரை எந்த அலுவலகமும் திறந்திராது என்பது அற்ப விஷயமாகத் தோன்றலாம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும், அப்படி வார இறுதியை ஒட்டி விடுதலையாக வேண்டியவர்களை ஓரிரு வேலைநாள் முன்னதாகவே அனுப்ப வழிசெய்து 2023இல் தனிச் சட்டமே இயற்றினார்கள்.

உயிர் சார்ந்த கணக்கும் ஒன்று உண்டு. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் விடுதலையானவர்களைப் பற்றி 2007இல் வெளியான ஆய்வு, முதல் இரண்டு வாரங்களில் அவர்கள் இறக்கும் அபாயம் பிறரைவிட 12 மடங்குக்கும் அதிகம் என்றும், போதைப்பொருளை அளவுமீறி உட்கொண்டதே அதற்கு முதன்மைக் காரணம் என்றும் கண்டது. உள்ளே பழக்கம் விட்டுப்போன உடல் பழைய அளவைத் தாங்குவதில்லை. ஆகவே சிறையில் தொடங்கிய சிகிச்சை, வாசலோடு அறுபடக் கூடாது. நார்வேயில் சிறைக்குள் பாடம் நடத்துவதும் மருத்துவம் பார்ப்பதும் வெளியே உள்ள பொதுப் பள்ளி, சுகாதாரத் துறைகளின் பொறுப்பே என்பதால், விடுதலைக்குப் பிறகும் அவற்றைத் தொடர்வது அங்கே எளிதாகிறது.

இதெல்லாம் புதிய கோரிக்கையும் அல்ல. ஐ.நா. பொதுச்சபை 2015இல் ஏற்ற நெல்சன் மண்டேலா விதிகள், தண்டனையின் தொடக்கத்திலிருந்தே கைதியின் பிற்கால வாழ்வைக் கருத்தில் கொள்ள வேண்டும் என்றும், விடுதலையாகும்போது உரிய ஆவணங்கள், தங்குமிடம், வேலை, சில நாள் பிழைப்புக்கான வசதி ஆகியவை கிடைக்கச் செய்ய வேண்டும் என்றும் சொல்கின்றன. நடைமுறையிலோ, ஆவணங்களைப் பற்றிய நினைப்பு பல இடங்களில் கடைசி வாரத்தில்தான் வருகிறது. அதுவும் கைதியே கேட்டால்!

குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கு இது சலுகையாகப் படலாம், அந்தக் கசப்பு நியாயமானது. எனினும், அடுத்து ஒருவர் பாதிக்கப்படாமல் தடுப்பதும் அவர்களுக்குச் செய்ய வேண்டிய கடமையில் சேரும். எனவே, விடுதலைக்குச் சில மாதங்கள் முன்பே அடையாள அட்டையையும் வங்கிக் கணக்கையும் ஆயத்தம் செய்து கையில் கொடுத்தனுப்புவதைச் சிறை நிர்வாகத்தின் கட்டாயக் கடமையாக்க வேண்டும். இதற்குப் பெருந்தொகை எதுவும் தேவையில்லை. துறைகள் ஒன்றோடொன்று பேசிக்கொண்டால் போதும்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகர்