வெள்ளைக் குதிரையின் கறுப்புத் தோல்

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் வந்தது. கண் அறுவை நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. கொஞ்ச நாளைக்கு ஊசி நூலைத் தொடாதே.

குதிரைக்கு என்ன நிறம் அடிப்பது என்று பேத்தி துளைத்தெடுக்கிறாளாமே? அவளிடம் கறுப்பு, சிவப்பு என இரண்டே க்ரேயான் கொடு. குதிரை முடியில் இருக்கும் சாயமே அந்த இரண்டுதான். சிவப்பு மட்டும் என்றால் செவலை. உடம்பு சிவந்த பழுப்பாகவும் பிடரி, வால், முழங்காலுக்குக் கீழே எல்லாம் கறுப்பாகவும் இருந்தால் அதை 'பே' என்பார்கள். செவலையில் கொஞ்சம் பால் ஊற்றிக் கலக்கினால்? பொன்னிற உடம்பு, வெள்ளைப் பிடரி: பாலோமினோ! பால் என்று நான் சொல்வது நிறத்தை வெளுக்கவைக்கும் ஒரு மரபணுவை. அது அம்மா, அப்பா இருவரிடமிருந்தும் வந்துவிட்டால் பாலாடை நிறமும் நீலக் கண்ணும்.

அப்புறம் வெள்ளை. இதை மட்டும் அவளுக்கு நிதானமாகச் சொல். நாம் பார்க்கும் வெள்ளைக் குதிரைகளில் பெரும்பாலானவை கறுப்பாகவோ பழுப்பாகவோ பிறந்தவைதான். வியன்னாவின் புகழ்பெற்ற லிப்பிசானர் குதிரைகளும் அப்படித்தான். குட்டியின் கண்ணைச் சுற்றி முதலில் நரைக்கும், கண்ணாடி மாட்டியது போல. பிறகு வருஷா வருஷம் உடம்பெல்லாம் வெளுக்கும். முடிதான் நரைக்கிறது, தோல் மாறுவதில்லை. முடி குறைவான மூக்கு நுனியைக் கிட்டப்போய்ப் பார்த்தால் கருகருவென்று இருக்கும். குளிப்பாட்டி நனைந்திருக்கும்போது உடம்பிலும் அந்தக் கறுப்பு தெரியும். முதன்முதலில் பார்த்தபோது நான் அசந்துபோனேன். பிறவியிலேயே வெள்ளை என்றால் தோல் இளஞ்சிவப்பாக இருக்கும், அது அபூர்வம்.

புள்ளி வைக்க ஆசைப்பட்டால் தாராளமாக வைக்கட்டும். அப்பலூசா குதிரைக்கு உடம்பில் புள்ளி, குளம்பில் நெடுக வரி. பிரான்சில் பேஷ் மெர்ல் குகைச் சுவரில் சுமார் 25,000 ஆண்டுகளுக்கு முன்பே யாரோ புள்ளிக் குதிரைகளை வரைந்திருக்கிறார்கள். கற்பனை என்றுதான் பலர் நினைத்தார்கள். பழைய எலும்புகளில் புள்ளிக்கான மரபணு இருந்ததை 2011-ல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். அந்த ஓவியர் கண்ணால் கண்டதையே வரைந்திருக்கலாம், பார்!

நெற்றியில் ஒரு வெள்ளைச் சுட்டி வைக்கச் சொல். முகத்திலும் நான்கு காலிலும் வெள்ளை வந்தால் பஞ்சகல்யாணி. அந்தப் பெயரை அவள் வாயால் சொல்லிக் கேட்க எனக்கு ஆசை.

வரைந்ததில் ஒன்றை அடுத்த கடிதத்தோடு அனுப்பு.

அன்புடன்,
உன் தோழி