மகஜரில் இல்லாத வளையல்

குடியாத்தம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். போலீஸ் ஸ்டேஷனில் சேர்ந்த முதல் மாதமே இரண்டு வீட்டுச் சோதனைக்குப் போய்வந்ததாக நேற்று போனில் சொன்னாய். மகஜரை, அதாவது எடுத்த பொருள்களின் பட்டியலை, யார் எழுதியது என்று கேட்டேன். "ஏட்டு எழுதினார், நான் கையெழுத்துப் போட்டேன்" என்றாய். அப்போதிருந்து மனசு ஒரு நிலையில் இல்லை.

நம் மாவட்டத்துக்கு வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம் என்று பெயர் இருந்த காலம். நான் வி.ஏ.ஓ. வேலைக்கு வந்த புதிது. ஒரு திருட்டு வழக்கில் சாட்சியாக நிற்கக் கூப்பிட்டார்கள். நெசவாளர் வீடு. தறிக்குப் பக்கத்தில் இருந்த தகரப்பெட்டியைக் கவிழ்த்து, கிடைத்த நகையைத் துணியில் முடிந்து எடுத்துப் போனார்கள். மகஜரை ஸ்டேஷனில் உட்கார்ந்துதான் எழுதினார்கள். 'மஞ்சள் நிற உலோக வளையல்கள்' என்று இருந்தது. எத்தனை, என்ன எடை, எந்த வேலைப்பாடு, எதுவும் இல்லை. நானும் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன்.

அந்தக் குடும்பத்துக்கும் திருட்டுக்கும் சம்பந்தமில்லை என்று பிறகு தெரிந்தது. நகை திரும்பி வந்தபோது மூன்று வளையல். அந்த அம்மா நம் வாசலில் வந்து நின்று, "நாலு இருந்துச்சே சார், நீங்களும் பாத்தீங்களே" என்றார். பார்த்தேன், எண்ணவில்லை. யார் மேலும் குற்றம் சொல்ல என்னால் முடியவில்லை. அவர் சொன்னதை மறுக்கவும் வாய் வரவில்லை.

சட்டம் அன்றைக்கும் இருந்தது, பாப்பா. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 100-வது பிரிவு. 2024 ஜூலை 1 முதல் அதுவே பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 103-வது பிரிவு. சோதனை தொடங்கும் முன்பே அந்தப் பகுதியைச் சேர்ந்த, வழக்கில் சம்பந்தமில்லாத இரண்டு பேராவது சாட்சியாக வர வேண்டும். எடுத்த பொருள் ஒவ்வொன்றும், அது இருந்த இடமும் பட்டியலில் ஏற வேண்டும். வீட்டுக்காரர் கூடவே இருக்கலாம், சாட்சிகள் கையெழுத்திட்ட நகலை அவர் கையில் கொடுக்க வேண்டும். புதிதாக வந்த 105-வது பிரிவுப்படி சோதனை, பட்டியல் எழுதுவது, கையெழுத்து எல்லாவற்றையும் வீடியோ எடுத்துத் தாமதமின்றி நடுவருக்கு (மாஜிஸ்திரேட்) அனுப்ப வேண்டும். வாரண்ட் இல்லாமல் போனால் அதற்கான காரணத்தை எழுதி 48 மணி நேரத்துக்குள் அவருக்கு அனுப்புவது தனி, அது 185-வது பிரிவு.

வீடியோ இருக்கிறதே என்று பட்டியலைச் சுருக்கிவிடாதே. செல்போன் கேமராவில் வளையல் பளபளப்பாகத் தெரியும், எடை தெரியாது. தங்கம் என்று பரிசோதிக்காமல் எழுதக்கூடாது என்பது சரி. ஆனால் நான்கு வளையல், இத்தனை கிராம், ஒன்றில் கீறல் என்று எழுத என்ன தடை? தராசு கையோடு கொண்டு போ. அந்த வீட்டுக் கூடத்திலேயே உட்கார்ந்து எழுதி, உரக்கப் படித்துக் காட்டு. அரைமணி நேரம் கூடுதலாகும், ஆகட்டும்.

அந்த இரண்டு வீட்டுக்கும் நகல் போய்ச் சேர்ந்ததா? இல்லையென்றால் நாளைக்கே நீயே போய்க் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கு. வாங்கியதும் எனக்குப் போன் செய்.

அப்பா