மணியை எங்கே அவிழ்த்துவிடுவது?

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். உங்கள் நாய் மணியைச் சங்கிலி இல்லாமல் ஓடவிட, அமெரிக்காவில் சியாட்டிலை அடுத்த ரெட்மண்டில் இருக்கும் உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் நல்ல இடம் எது என்று கேட்டிருந்தாய். போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும் என்பதால் எழுத உட்கார்ந்தேன். நீயும் மாப்பிள்ளையும் சேர்ந்து நிதானமாகப் படியுங்கள்.

நீ அனுப்பிய வீடியோக்களை எல்லாம் பார்த்தேன். ஒட்டிய வயிறு, ஆழமான மார்பு, நீண்டு கூர்த்த முகம், ஒல்லியான கால்கள். மணியை எடுத்துவந்த நாய்க் காப்பகத்தில் என்ன இனம் என்று எழுதிக் கொடுத்திருந்தாலும், இது வேட்டை நாயின் உடம்பு. நம் பக்கத்துச் சிப்பிப்பாறை, கன்னி இன நாய்களும் இதே வாகுதான். மூக்கைவிடக் கண்ணை நம்பித் துரத்தும் இந்த வகை நாய்களுக்குத் தூரத்தில் ஒரு முயல் அசைந்தாலே போதும். ஓடத் தொடங்கிவிட்டால் நீ எத்தனை முறை பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் அது காதில் ஏறாது. அதைத் திமிர் என்று நினைத்து அடிக்கவோ அதட்டவோ வேண்டாம். எவ்வளவு புகழ்பெற்ற இடமாக இருந்தாலும், மணியின் இந்தக் குணத்துக்கு அது பொருந்துகிறதா என்று பார்த்துத்தான் நாம் இடம் தேட வேண்டும்.

அவிழ்த்துவிடுவதற்கென்று தனியாக ஓர் இடம் எதற்கு என்று உன் அம்மா கேட்டாள். நம் ஊரில் நாய் தெருவிலேயே திரிந்து தெருவிலேயே தூங்குகிறது. அங்கே பொது இடத்தில் நாயைப் பிடித்துக்கொண்டுதான் போக வேண்டும் என்பது சட்டம். ஆகவே கால் நீட்டி ஓடுவதற்கு வேலி போட்ட இடம் தேவைப்படுகிறது. 1979இல் கலிபோர்னியாவின் பெர்க்லி நகரில் தொடங்கிய ஓலோனி நாய்ப் பூங்காவைத்தான் இந்த வகையில் முதலாவதாகச் சொல்வார்கள். அதற்குப் பிறகுதான் இந்த வழக்கம் நாடு முழுவதும் பரவியது.

உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் எல்லோரும் சொல்வது மேரிமூர் பூங்காவைத்தான். சென்ற கோடையில் அங்கே வந்திருந்தபோது காலை நடைக்குப் போய், நாய்களை அவிழ்த்துவிடும் பகுதியை நெடுநேரம் நின்று பார்த்திருக்கிறேன். 640 ஏக்கர் பூங்காவில் ஏறத்தாழ 40 ஏக்கரை நாய்களுக்கென்றே ஒதுக்கியிருக்கிறார்கள். பூங்கா கிங் கவுண்டி என்ற மாவட்ட நிர்வாகத்துடையது. நாய்ப் பகுதியைக் கவனித்துக்கொள்வதில் ‘சர்வ் அவர் டாக் ஏரியாஸ்’ என்ற தன்னார்வ அமைப்பும் கைகொடுக்கிறது. புல்வெளி, அதன் நடுவே நடைபாதைகள், சம்மாமிஷ் ஆற்றில் நாய்கள் இறங்கி நீந்தச் சிறு துறைகள் என்று, ஒரு நாய் கனவு காணக்கூடிய அத்தனையும் அங்கே இருக்கிறது. கூப்பிட்டால் திரும்பி வரும் நாயை வைத்திருப்பவருக்கு அதைவிட நல்ல இடம் அந்த வட்டாரத்தில் இல்லை என்பது என் எண்ணம்.

ஆனால் மணியை இப்போது அங்கே கொண்டுபோக வேண்டாம். அத்தனை பெரிய பரப்பில், இன்னும் உன் குரலுக்குப் பழகாத நாய் கண்ணைவிட்டு மறைய ஒரு நிமிடம்கூட ஆகாது. அதோடு, வளைவில் திரும்பும்போது எதிரே எந்த நாய் வருகிறது, அதன் சுபாவம் என்ன என்பது தெரியாது. மணி உங்கள் வீட்டுக்கு வந்து அதிக காலம் ஆகவில்லை. கூப்பிட்டால் வருவதற்கு முதலில் வீட்டுக்குள்ளும், பிறகு முப்பதடி நீளக் கயிற்றில் ஆளில்லாத மைதானத்திலும் பழக்குங்கள். வந்த ஒவ்வொரு முறையும் வேகவைத்த கோழித் துண்டு ஒன்று கொடுங்கள். கூப்பிட்டு வந்த நாயை எந்தக் காரணத்துக்காகவும் திட்டக் கூடாது. வந்தவுடனே சங்கிலியை மாட்டி வீட்டுக்கு இழுத்துக்கொண்டும் போகக் கூடாது. நடுநடுவே கூப்பிட்டுத் தீனி கொடுத்து மறுபடியும் ஓடவிட்டால்தான், உன்னிடம் வருவதால் ஆட்டம் முடிந்துவிடாது என்று அவனுக்குப் புரியும்.

முதலில் போக வேண்டிய இடம் பெல்வியூவில் இருக்கும் ராபின்ஸ்வுட் பூங்கா. குதிரைகளுக்காகக் கட்டிய அடைப்புகளைத்தான் அங்கே நாய்களுக்கு விட்டிருக்கிறார்கள். ஒரு மூலையிலிருந்து மறுமூலை வரை கண்ணுக்குத் தெரியும் அளவான இடம், சுற்றிலும் வேலி. சம்மாமிஷ் நகரின் பீவர் லேக் பூங்காவிலும் நாய்ப் பகுதி உண்டு. அதையும் பார்த்து வையுங்கள். மெர்சர் தீவின் லூத்தர் பர்பாங்க் பூங்காவும் சியாட்டிலின் மேக்னுசன் பூங்காவும் வாஷிங்டன் ஏரிக்கரையில் இருப்பவை. நாய் தண்ணீரில் இறங்கலாம். மேக்னுசனில் சிறிய நாய்களுக்கும் கூச்சமுள்ள நாய்களுக்கும் தனி அடைப்பு இருக்கிறது. அவை எல்லாம் பிறகு, விடுமுறை நாள்களுக்கு.

எந்த இடமானாலும் முதல் முறை நாயில்லாமல் நீங்கள் இருவர் மட்டும் போங்கள். இதை அப்பா வற்புறுத்திச் சொல்கிறேன். ஒன்றன்பின் ஒன்றாக இரட்டைக் கதவு இருக்கிறதா, வெளிக்கதவு தாழ்ப்பாள் சரியாக விழுகிறதா என்று கையால் தள்ளிப் பாருங்கள். வேலியின் அடியில் மண் அரித்துப் பள்ளம் விழுந்திருக்கிறதா என்று ஒரு சுற்று நடந்து பாருங்கள். மணியைப் போன்ற நாய் நான்கடி வேலியைச் சிரமமில்லாமல் தாண்டிவிடும் என்பதால் உயரத்தையும் கவனிக்க வேண்டும். மழைக்காலத்தில் தண்ணீர் வடியாமல் சேறாகும் தரையில் வேகமாக ஓடித் திரும்பும் நாய்க்கு முழங்கால் தசைநார் அறுந்துபோவதுண்டு.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமாக, அங்கே வரும் மனிதர்களைப் பாருங்கள். தங்கள் நாயின் மேல் கண் வைத்து உள்ளேயே நடந்துகொண்டிருக்கிறார்களா, அல்லது நாயை விட்டுவிட்டு பெஞ்சில் உட்கார்ந்து போனில் மூழ்கியிருக்கிறார்களா? ஒரு நாய் இன்னொன்றை விடாமல் விரட்டும்போது எழுந்து போய்த் தன் நாயைப் பிடிக்கிறார்களா, அல்லது ‘விளையாடத்தான் செய்கிறது’ என்று சிரித்துவிட்டு இருக்கிறார்களா? ஒரே பூங்கா ஒரு வேளையில் அருமையாகவும் இன்னொரு வேளையில் ஆகாததாகவும் இருப்பதற்கு அந்தந்த வேளையில் வரும் ஆட்களே காரணம். நல்ல கூட்டம் வரும் நேரத்தைக் கண்டுபிடித்துவிட்டால் அதையே பிடித்துக்கொள்ளுங்கள். டிசம்பரில் மாலை நாலரைக்கெல்லாம் அங்கே இருட்டிவிடும். அலுவலகம் விட்டு வந்த பிறகு போக முடியாது. குளிர்காலத்துக்கு மதிய இடைவேளையோ வார இறுதிக் காலையோதான் சரிப்படும்.

உள்ளே போகும்போது இரண்டு கதவுகளுக்கும் நடுவில் நின்று, வெளிக்கதவைச் சாத்திய பிறகு, சங்கிலியைக் கழற்றுங்கள். அவிழ்த்துவிட்ட நாய்கள் நடுவே சங்கிலியோடு ஒரு நாயைக் கொண்டுபோனால், தப்ப வழியில்லை என்ற பயத்திலேயே அது பல்லைக் காட்டும். உள்கதவருகே நாய்கள் கூட்டமாக வந்து நின்றால் அவை விலகும் வரை பொறுத்திருங்கள். உள்ளே போனதும் ஒரே இடத்தில் நிற்காமல் நடந்துகொண்டே இருங்கள். அவனும் நகர்ந்துகொண்டே இருப்பான், மற்ற நாய்கள் அவனைச் சூழ்ந்துகொள்வதும் குறையும். தீனியை உள்ளே கொண்டுபோக வேண்டாம், அதற்காகவே சண்டை வரும். முப்பதடிக் கயிற்றையும் வெளியிலேயே வைத்துவிடுங்கள். ஓடும் நாய்களின் கால்களில் அது சுற்றிக்கொள்ளும்.

நாய் குரைப்பதற்கு முன்பே உடம்பால் பேசிவிடும். முன்னங்கால்களைத் தாழ்த்தி, பின்புறத்தைத் தூக்கி, வாயைத் தளர்வாகத் திறந்து வைத்திருந்தால் அது விளையாட்டுக்கான அழைப்பு. துரத்துகிற நாயும் துரத்தப்படுகிற நாயும் மாறி மாறி ஓடினால் கவலைப்பட ஒன்றும் இல்லை. வாலைக் காலிடையில் செருகிக்கொள்வது, பசியில்லாதபோதும் உதட்டை நக்கிக்கொண்டே இருப்பது, முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணின் வெள்ளை தெரியக் கடைக்கண்ணால் பார்ப்பது, உன் கால்களுக்குப் பின்னால் வந்து ஒளிவது ஆகியவை போதும் என்று சொல்லும் அடையாளங்கள். எதிரே நிற்கும் நாய் வாயை மூடி, உடம்பை விறைத்து, அசையாமல் உற்றுப் பார்த்தால் அடுத்தது கடிதான். அதுவரை காத்திருக்காமல் அவனைக் கூப்பிட்டுக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள். முதல் சில முறை பதினைந்து நிமிடம் போதும். களைத்துப்போன நாய்க்குப் பொறுமையும் குறைந்துவிடும்.

சண்டையே வந்துவிட்டால், கழுத்துப்பட்டையைப் பிடித்து இழுக்கக் கையை நடுவில் கொண்டுபோகாதீர்கள். இது மாப்பிள்ளைக்கு நான் தனியாகச் சொல்ல விரும்புவது. கால்நடை மருத்துவனான என்னிடம் சிகிச்சைக்கு நாயைக் கொண்டுவந்தவர்களில் பலருக்கு இப்படித்தான் கையில் கடி விழுந்திருந்தது. கடித்தது அவர்களுடைய நாயாகவே இருக்கும். இரண்டு நாய்களுடைய உரிமையாளர்களும் ஒரே நேரத்தில் தங்கள் நாயின் பின்னங்கால்களைத் தூக்கிக்கொண்டு பின்னோக்கி நடந்து பிரிப்பதுதான் ஓரளவு பாதுகாப்பான வழி. வாஷிங்டன் மாநிலச் சட்டப்படி, நாய் அதற்கு முன் யாரையும் கடித்ததில்லை என்று உரிமையாளர் சொல்லித் தப்பிக்க முடியாது. கடிபட்டவருக்கு அவரே பொறுப்பு. உங்கள் வீட்டுக் காப்பீட்டில் நாய்க்கடிக்கு இடம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி, கால்நடை மருத்துவனாக நான் சொல்ல வேண்டியவை. ரேபிஸ் தடுப்பூசியும் கிங் கவுண்டி உரிமமும் கட்டாயம். நாயிடமிருந்து நாய்க்குப் பரவும் ரேபிஸ் அமெரிக்காவில் ஒழிந்துவிட்டதாக 2007இல் அறிவித்தார்கள் என்பது உண்மைதான். ஆனால் வாஷிங்டன் மாநிலத்தில் வௌவால்களிடம் அந்த நோய் இருக்கிறது, தரையில் விழுந்து கிடக்கும் வௌவாலை நாய் கவ்வாமல் இருக்காது. பார்வோ, டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோய்களுக்கான ஊசிகளோடு, பல நாய்கள் கூடும் இடத்துக்குப் போவதால் கென்னல் காஃப் என்ற தொற்று இருமலுக்கான ஊசியும், தேங்கிய தண்ணீரைக் குடிப்பதால் எலிக்காய்ச்சல் ஊசியும் அவனுக்கு வேண்டும். கோடையில் காய்ந்த புல்லின் முள்கதிர் கால்விரல் இடுக்கில் குத்தி, திரும்பி வர வழியில்லாமல் உள்ளே உள்ளேயே நகர்ந்து போகும். வீட்டுக்கு வந்ததும் ஒவ்வொரு விரலையும் விரித்துப் பார்த்து, காதுமடலையும் தடவிப் பாருங்கள். வெயில் காலத்தில் ஏரித் தண்ணீர் பச்சைப் பெயின்ட் கொட்டியதுபோல் தெரிந்தால் இறங்கவிடாதீர்கள். அந்தப் பாசியின் நஞ்சு சில மணி நேரத்திலேயே நாயைக் கொன்றுவிடக்கூடும்.

நம் ஊரில் நான் பார்த்தே இராத ஒரு நோய் உங்கள் பக்கத்தில் உண்டு. ஒவ்வோர் இலையுதிர்காலத்திலும் சால்மன் மீன்கள் கடலிலிருந்து சியாட்டிலின் பாலார்ட் மதகுகள் வழியாக வாஷிங்டன் ஏரிக்கு ஏறி, சம்மாமிஷ் ஆற்றில் நீந்தி, இசக்குவாவின் மீன் பண்ணை வரை போகின்றன. அதாவது, மேரிமூரில் நாய்கள் குளிக்கும் துறைகளைத் தாண்டித்தான் போகின்றன. முட்டையிட்ட பின் இறந்துபோகும் மீன்கள் கரைகளில் ஒதுங்கும். அந்தப் பச்சை மீனின் உடலில் ஒரு தட்டைப்புழு இருக்கும், அந்தப் புழுவுக்குள் ஒரு நுண்கிருமி இருக்கும். மீனைத் தின்ற நாய்க்கு ஏறத்தாழ ஒரு வாரத்தில் கடுங்காய்ச்சல், வாந்தி, வயிற்றுப்போக்கு, நெறிகட்டுதல் எல்லாம் வரும். வைத்தியம் செய்யாவிட்டால் பெரும்பாலான நாய்கள் இறந்துவிடும். உரிய நேரத்தில் கிருமிக்கு டாக்ஸிசைக்ளினும் புழுவுக்குப் பிராசிகுவான்டலும் கொடுத்தால் பிழைத்துவிடும். பார்வோவைப் போலவே தோன்றும் என்பதால், ஆற்றங்கரைக்குப் போனதையும் அவன் மீனை வாயில் வைத்ததையும் நீங்களே டாக்டரிடம் முதல் வார்த்தையாகச் சொல்ல வேண்டும். செப்டம்பர் முதல் டிசம்பர் வரை ஆற்றுப்பக்கமே வேண்டாம். சமைத்த மீனால் பயமில்லை. உன் அம்மா அங்கே வரும்போது அவனுக்கு மீன் போடுவதைத் தடுக்காதே.

மணியின் தடுப்பூசி அட்டையைப் படம் எடுத்து அனுப்பு. எலிக்காய்ச்சல் ஊசிக்கு இரண்டு தவணை உண்டு, இரண்டாவது தவணையின் தேதி அதில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அடையாளத்துக்காகக் காப்பகத்தில் தோலுக்கடியில் போட்ட மைக்ரோசிப்பின் எண்ணுக்கு உங்கள் போன் நம்பரைப் பதிவு செய்துவிட்டீர்களா என்பதையும் எழுது. பதிவு இன்னும் காப்பகத்தின் பெயரிலேயே இருந்தால், ராபின்ஸ்வுட்டுக்குப் போவதற்கு முன் அதை மாற்றிவிடுங்கள்.

மாப்பிள்ளைக்கு எங்கள் ஆசிகள்.

அன்புடன்,
அப்பா