அந்த இரண்டு வாரத்துக்கு ஒப்புக்கொள்ளாதே

அன்புள்ள சேவியர்,

படையின் மொழிப் பிரிவுப் பொறுப்பு உன் கைக்கு வந்தது எனக்கு அத்தனை மகிழ்ச்சி. அதற்குத் தகுந்த ஆள் நீதான் என்று பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறேன். ஆனால் அதே கடிதத்தில் நீ எழுதியிருக்கும் மற்றச் செய்தி மனத்தை உறுத்துகிறது. ராணுவ மொழிப் பள்ளியில் அயல்மொழி கற்று நன்றாகத் தேறி வந்த உன் வீரர்கள் இரண்டே ஆண்டுகளில் மொழித் தேர்வில் ஒரு படி இறங்கிவிட்டார்கள். தேர்வுக்கு முன்னால் இரண்டு வாரம் தீவிரப் பயிற்சி கொடுத்தால் போதும் என்று உன் கட்டளை அதிகாரி சொல்கிறார்.

அந்த இரண்டு வாரத்துக்கு ஒப்புக்கொள்ளாதே, சேவியர். மதிப்பெண் ஏறும், மறுக்கவில்லை. மூன்றே மாதத்தில் பழைய இடத்துக்கு வந்து நிற்பார்கள். எல்லையில் நெருக்கடி வருவதென்றால் தேர்வு மாதம் பார்த்தா வரும்?

அதிகாரியிடம் பேசும்போது இந்தக் கணக்கை முன்வை. அமெரிக்கப் படைகளுக்காகக் கலிஃபோர்னியாவின் மான்டெரேயில் இயங்கும் மொழிப் பள்ளியில் ஸ்பானிஷுக்கு 36 வாரம், ரஷ்ய மொழிக்கு 48 வாரம், அரபு, சீனம், கொரிய மொழிகளுக்கு 64 வாரம் ஒதுக்குகிறார்கள். அந்தக் காலம் முழுவதும் ஒரு வீரனுக்கு மொழி கற்பதுதான் வேலை. சிறிய வகுப்பு, அந்த மொழியையே தாய்மொழியாகக் கொண்ட ஆசிரியர்கள், மாலையில் வீட்டுப்பாடம். இவ்வளவு செலவழித்து உருவாக்கிய ஒருவனைப் படைப்பிரிவில் காவல் பணிக்கும் வண்டிகளைக் கணக்கெடுக்கவும் அனுப்பிவிட்டு, மொழியை அவன் ஓய்வு நேரத்தில் பார்த்துக்கொள்ளட்டும் என்று விடுகிறோம். துப்பாக்கியைச் சுத்தம் செய்ய எந்த அதிகாரியும் சிப்பாயின் ஞாயிற்றுக்கிழமையைக் கேட்பதில்லை. அதற்குப் பணிப்பட்டியலிலேயே நேரம் இருக்கிறது. மொழிக்கும் அப்படி ஒரு நேரம் வேண்டும் என்பதுதான் என் வாதம்.

இவர்கள் பள்ளியை விட்டு வெளியே வரும் நிலையையும் நினைத்துப்பார். அமெரிக்கர்கள் பயன்படுத்தும் மொழித்திறன் அளவுகோல் 0 முதல் 5 வரை போகிறது. மான்டெரேயில் நெடுங்காலமாகக் கேட்டலிலும் வாசிப்பிலும் 2, பேச்சில் அதற்குச் சற்றுக் கீழே என்பதே தேர்ச்சிக்கான எல்லையாக இருந்தது. 2 என்றால் நேரடியாகச் சொல்லப்படும் செய்தி புரியும். பேசுபவர் மிரட்டுகிறாரா, சலித்துக்கொள்கிறாரா, வேண்டுமென்றே ஒன்றைச் சொல்லாமல் விடுகிறாரா என்பதெல்லாம் பிடிபட 3 வேண்டும். நான் பார்த்தவரையில் 3ஐத் தொட்டவர்களிடம் மொழி ஊன்றி நிற்கிறது. 2இல் இருப்பவர்களுக்குச் சிறிது காலம் காதில் விழாமல் போனாலும் சரிந்துவிடுகிறது. பள்ளி முடித்து வந்த முதல் சில மாதங்கள்தான் மிக ஆபத்தானவை. சரியாக அந்த மாதங்களில்தான் புதிதாக வந்தவன் என்று எல்லா எடுபிடி வேலையும் அவன் தலையில் விழுகிறது.

இன்னொன்றை நீ கவனித்திருப்பாய், ஆனால் உன் அதிகாரிக்குத் தெரிந்திருக்காது. மொழி சார்ந்த பணியில் இருப்பதாலேயே மொழி நிலைத்துவிடாது. வானொலி ஒட்டுக்கேட்பில் உட்கார்ந்திருப்பவனை எடுத்துக்கொள். ஆண்டுக்கணக்கில் அதே அழைப்புக் குறிகள், அதே சுருக்கமான கட்டளைகள், அதே வானிலைச் செய்தி. அந்த ஒடுக்கமான வட்டத்துக்குள் அவனை அடிக்க ஆளில்லை. இரைச்சலுக்கு நடுவிலும் ஒரு வரியைப் பிடித்துவிடுவான். தேர்விலோ விலைவாசி பற்றிய தலையங்கமும் நீர்ப்பங்கீடு குறித்த நேர்காணலும் வரும், அங்கே திணறுவான். திறமை குறைந்துவிட்டது என்று அறிக்கை எழுதுவார்கள். உண்மையில் சுருங்கியது அவன் தினமும் கேட்கும் உலகம். அரபு படித்தவர்கள் நிலை இன்னும் கடினம். வகுப்பில் கற்றது செய்தித்தாளின் அரபு. களத்தில் காதில் விழுவது ஈராக்கியரின் வீட்டுப் பேச்சு. இரண்டையும் தனித்தனியாகப் பேண வேண்டும்.

என் அனுபவத்தில் முதலில் போவது கேட்டல்தான், அதிலும் எண்கள். சீனத்திலும் கொரிய மொழியிலும் பெரிய எண்களைப் பத்தாயிரம் பத்தாயிரமாகக் கட்டுகிறார்கள். மூன்றரை லட்சம் என்பது அவர்களுக்கு முப்பத்தைந்து பத்தாயிரம். எழுத்தில் பார்த்தால் எவரும் மாற்றிவிடலாம். காதில் ஓடும்போது மனம் ஒரு நொடி கணக்குப் போட நின்றால் அடுத்த வாக்கியம் போய்விடும். இடத்தைக் குறிக்கும் ஆயத்தொலைவும் நேரமும் படைபலமும் எண்களாகத்தான் வருகின்றன என்பதால் இதை நான் சிறிய விஷயமாக எண்ணுவதில்லை. தினமும் பத்து நிமிடம் எண்களுக்கு மட்டுமே சொல்வதெழுதுதல் வை.

வீட்டில் பேசிய மொழிக்கே பேணல் தேவைப்படுகிறது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா இறங்குவதற்கு முன்னால் அதன் ராணுவம் ஜப்பானிய வம்சாவளி வீரர்களிடம் ஜப்பானிய மொழி தயாராக இருக்கும் என்று நம்பியது. முதலில் 3,700 பேரைப் பேட்டி கண்டதில் நல்ல புலமை இருந்தது 3 விழுக்காட்டினரிடம் மட்டுமே. அதனால்தான் 1941 நவம்பர் 1 அன்று, பேர்ல் ஹார்பர் தாக்குதலுக்கு ஐந்து வாரம் முன்பு, சான் பிரான்சிஸ்கோவில் கைவிடப்பட்ட ஒரு விமானக் கொட்டகையில் 60 மாணவர்களோடு பள்ளி தொடங்கினார்கள். பின்னாளில் மான்டெரேக்குப் போனது அந்தப் பள்ளிதான். அந்த இளைஞர்களில் எத்தனையோ பேரின் குடும்பங்களை அந்த நாடே முகாம்களில் அடைத்துவைத்தது. அப்படியிருந்தும் பசிபிக் போர்முனையில் உழைத்தார்கள். அவர்களை நினைத்தால் எனக்கு இன்றும் தலை வணங்கத் தோன்றுகிறது.

மொழித்திறனுக்கு ஊக்கத்தொகை கொடுப்பது பற்றியும் கேட்டிருந்தாய். அமெரிக்கச் சட்டம் அதற்கு இடம் தருகிறது. கொடுக்கட்டும், நல்லதுதான். ஆனால் பணம் ஆளைத் தேர்வுக்கூடம் வரை அழைத்து வரும், படிக்க நேரத்தைத் தராது.

ஆகவே நீ கேட்க வேண்டியது நாளுக்கு ஒரு மணி நேரம், காலையில், பணிநேரத்துக்குள். அந்த நேரத்தில் எவரையும் வேறு வேலைக்கு இழுக்கக் கூடாது என்று எழுத்திலேயே வாங்கிக்கொள். அன்றைய வானொலிச் செய்தியில் மூன்று நிமிடத்தை எடுத்து ஒரு சொல் விடாமல் எழுதச் சொல். பிறகு தாளை மூடிவிட்டு அதே மொழியில் சொல்லச் சொல். எழுதும்போது காது திறக்கும், திருப்பிச் சொல்லும்போது நாக்கு. தேர்வில் பேச்சு இல்லை என்று பேச்சை விட்டுவிடுகிறார்கள். ஆனால் தானே வேகமாகப் பேசத் தெரிந்தவனுக்குத்தான் வேகமான பேச்சு காதில் பிரிந்து விழுகிறது. வாரத்தில் ஒரு நாள் அவர்கள் பணிக்குச் சம்பந்தமில்லாத பொருளாகக் கொடு: வேளாண்மை, திருமணச் சடங்கு, நீதிமன்ற வழக்கு, நகைச்சுவை நாடகம் எதுவானாலும் சரி. தாய்மொழியாளர் ஒருவரை வாரம் இரண்டு முறையாவது வரவழைக்கப் பார்.

என் பக்கத்துச் செய்தி அதிகமில்லை. கண் அறுவை நன்றாக முடிந்தது, மீண்டும் படிக்க முடிகிறது. காலை நடையின்போது இன்றும் ரஷ்யச் செய்தி கேட்கிறேன். நம்முடன் படித்த ஜோசப் ஓய்வுக்குப் பிறகு நீதிமன்றத்தில் மொழிபெயர்க்கிறான். சேவையில் இருந்தபோது தெரிந்ததைவிட இப்போது அதிகம் தெரிகிறது என்கிறான், குரலில் அவ்வளவு உற்சாகம்.

அதிகாரியைச் சந்திக்கும் முன் உன் பணிப்பட்டியலின் நகலை எனக்கு அனுப்பு. எந்த மணி நேரத்தைப் பிடிக்கலாம் என்று சேர்ந்து பார்ப்போம். கொரியப் பிரிவுக்கு எண் பயிற்சி ஒலிப்பதிவுகள் என்னிடம் இருக்கின்றன, இந்த வாரமே அனுப்புகிறேன்.

அன்புடன்,
இளங்கோ