ழகரமும் என் பழைய போனும்

அன்புள்ள பாப்பாவுக்கு,

பெரியம்மா எழுதுகிறேன். "ஒண்ணாம் வகுப்புக்குப் பாடம் எடுத்துக் காட்டணும், டேப்லெட் வெச்சுச் செய்யட்டுமா?" என்று கேட்டாயே, அன்று பஸ்ஸில் இருந்தேன். சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை.

வேண்டாம் என்று சொல்லமாட்டேன். நானும் அந்த மோகத்தில் விழுந்தவள்தான். புரொஜெக்டர் வந்த புதிதில் ழகரத்துக்கு ஒரு வீடியோ போட்டேன். மழை, வாழை, குழல் என்று ஒரே ஆட்டம் பாட்டம். பிள்ளைகள் கண் கொட்டாமல் பார்த்தார்கள், கூரை அதிர 'ழ' என்றார்கள். பாடம் முடிந்தது என்று குறிப்பேட்டில் எழுதிவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போனேன். மறுநாள் ஒவ்வொருவராகக் கூப்பிட்டால் பாதிப் பேருக்கு 'வாளப்பளம்'. வீட்டில் அப்படித்தான் பேசுவார்கள், அதில் குற்றமில்லை. எழுதும்போதும் ளகரத்தைப் போடுவார்களே என்பதுதான் என் கவலை.

வீடியோவில் வரும் அக்கா அடுத்த சொல்லுக்குப் போய்விடுகிறாள். இங்கே ஒருவன் திணறுவது அவளுக்கு எப்படித் தெரியும்? பிறகு நான் ஒவ்வொரு பிள்ளைக்கும் எதிரே குந்தி உட்கார்ந்து வாயைத் திறந்து காட்டினேன். ளகரத்துக்கு நாக்கு மேலே ஒட்டும். ழகரத்துக்கு வளையும், ஒட்டாது. மூன்று நாள் ஆயிற்று. முட்டிவலி தனிக்கதை.

2003-ல் அமெரிக்காவின் சியாட்டிலில் பேட்ரிசியா குல் குழுவினர் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். ஆங்கிலம் பேசும் வீடுகளின் ஒன்பது மாதக் குழந்தைகளோடு சீன மொழிக்காரர்கள் 12 முறை உட்கார்ந்து பேசி விளையாடினார்கள். அந்தக் குழந்தைகளுக்குச் சீன ஒலிகளைப் பிரித்தறிய வந்தது. அதே ஆட்களை டிவியில் பார்த்த குழந்தைகளுக்கு வரவில்லை. நம் பிள்ளைகள் கைக்குழந்தைகள் இல்லைதான். ஆனாலும் இதைப் படித்தபோது எனக்கு அந்த 'வாளப்பளம்'தான் ஞாபகம் வந்தது.

அதற்கப்புறம் போனைத் திருப்பிப் பிடித்தேன். ஒருவன் பேசுவதைப் பதிவு செய்து அவனுக்கே போட்டுக் காட்டினேன். தன் குரலைக் கேட்டு முதலில் வெட்கம், பிறகு சிரிப்பு, பிறகு "டீச்சர், இன்னொரு தடவை!" பக்கத்திலிருந்தவள் "நாக்கு ஒட்டுதுடா" என்று திருத்தினாள். அதுவரை வாயே திறக்காத ஒரு பிள்ளை, தன் வீட்டு ஆட்டுக்குட்டியைப் பற்றி நான்கு நிமிடம் பேசியது. இதற்குத்தான் கருவி வேண்டும் என்கிறேன்: பிள்ளை பேச, வகுப்பு கேட்க. கடல் பார்க்காத பிள்ளைக்குத் திமிங்கிலத்தைக் காட்டவும் வைத்துக்கொள். வாசலில் நிற்கும் வேப்பமரத்தைத் திரையில் காட்டாதே.

எழுத்து எழுதிப் பழக டேப்லெட் வேண்டவே வேண்டாம். கண்ணாடியில் விரல் வழுக்கும். மணலில் 'ழ' வரைந்து பார், சுழியில் விரல் திரும்பும் இடம் கைக்கே தெரியும்.

நேரக் கணக்கும் கேட்டிருந்தாய். மூன்று, நான்கு வயதுக்கு ஒரு நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை வேண்டாம், குறைந்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னது. வீட்டில் சோறு ஊட்டும்போதே அந்த ஒரு மணி நேரம் தீர்ந்துவிடுகிறது. ஒண்ணாம் வகுப்புப் பிள்ளைகள் அதைவிடக் கொஞ்சம் பெரியவர்கள்தான். ஆனாலும் வகுப்பில் அதை நினைவில் வைத்துக்கொள்.

பாடம் எடுக்கும் அன்று கரண்ட் போனாலும் போகும். ஒரு தட்டு மணல் எடுத்துப் போ. லீவுக்கு வரும்போது அந்த ஆட்டுக்குட்டிக் கதையைப் போட்டுக் காட்டுகிறேன். போன் மாற்றியும் அதை அழிக்கவில்லை.

அன்புடன்,
பெரியம்மா